பாராசூட்டுக்குப் பயம், ஹெல்மெட்டுக்கு அலட்சியம்

டில்லிக்கு வந்து வேரூன்றிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. பாட்டு கற்றுக்கொள்ளலாம். பரதநாட்டியம் ஆடலாம். கிரிக்கெட்டைப் பத்தாம் வகுப்பு வரை பொறுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளில் லடாக் போகிறேன் என்று பையன் சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். விமானத்திலிருந்து குதிக்கப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால்?

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் இதுதான் நடந்தது. பெண்ணுக்கு இருபத்தாறு வயது. குருகிராமில் நல்ல வேலை. ஹரியானாவில் நார்னோலுக்குப் பக்கத்தில் பாச்சோட் என்ற இடத்தில் ஒரு சிறிய விமானத் தளம் இருக்கிறது. அங்கே, பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு தடவை குதித்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை. பிறகு சொன்னபோது இன்னொரு செய்தியையும் சேர்த்தே சொன்னாள். தனியாகக் குதிக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு ஸ்பெயின் போக வேண்டும், பணம் சேர்த்தாகிவிட்டது.

அப்பா என் நண்பர், திருநெல்வேலிக்காரர். ஆடிப்போய்விட்டார். அவருக்கு மூன்று பயம். பாராசூட் திறக்காமல் போனால் என்ன ஆவது என்பது ஒன்று. அவளை அங்கே தன் புல்லட்டில் ஏற்றிக்கொண்டு போகிற ரோத்தக் பையன் வண்டியை எப்படி ஓட்டுகிறானோ என்பது இன்னொன்று. மூன்றாவது, அந்தப் பையனே. என்னிடம் சொன்னபோது மூன்றாவதைத்தான் அவர் முதலில் சொன்னார்.

"நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களோட போய்ப் பாத்துட்டு வாங்க சார். நான் போனா சண்டையாயிரும்" என்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதானே. டாக்சி வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் இரண்டு பேரும் புல்லட்டில் முன்னால் போனார்கள்.

ஜனவரி மாதத்துப் பனிமூட்டம் பற்றி வடக்கே குடியிருக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். அன்று பதினொரு மணி வரை ஓடுபாதையின் அந்தக் கோடி தெரியவில்லை. பனி விலகியதும் காற்று எழும்பியது. ஆக, நான் போனது வானத்தில் குதிப்பதைப் பார்க்க. பார்த்தது என்னவோ, ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததைத்தான். என் அபிப்பிராயத்தில் அதுவே உபயோகமான காட்சி. குதிப்பது சில நிமிஷ விவகாரம். பத்தாயிரம் அடியிலிருந்து குதித்தால் பாராசூட் விரியும் வரை முக்கால் நிமிஷத்துக்குள்தான் ஆகுமாம். அதில் ஒரு மனிதனைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? சும்மா உட்கார்ந்து பேசும்போதுதான் தெரியும்.

ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. வீர சாகசப் பேச்சு கேட்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒருவனுக்கு வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்ட கவலை. ஒருத்திக்கு அம்மாவின் சர்க்கரை அளவு இறங்கவில்லை. ஆக்ராவில் ராணுவப் பாராசூட் பயிற்சிப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவர், இந்த வருஷம் கடுகு விளைச்சல் எப்படி என்பதைப் பற்றியே அரைமணி பேசினார். நம் சங்க விழாவில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது நாம் பேசுகிற பேச்சுதான்.

எங்கே சுற்றினாலும் பேச்சு மட்டும் இரண்டு இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒன்று சாமான், இன்னொன்று மோட்டார் சைக்கிள்.

சாமான் என்றால் முதுகில் கட்டிக்கொள்ளும் அந்த மூட்டையும் அதைச் சேர்ந்தவையும். நம்மில் பலருக்கு அந்த மூட்டைக்குள் ஒரு பாராசூட் இருக்கிறது என்றுதான் எண்ணம். இரண்டு இருக்கிறது. முதலாவதைக் குதிப்பவர் தாமே மடித்து வைக்கிறார். நைலான் துணியைத் தரையில் விரித்து, பட்டுப்புடவையை மடிப்பு கலையாமல் மடிப்பதுபோல் மடித்து, அதன்மேலேயே படுத்துப் புரண்டு காற்றை வெளியேற்றி உள்ளே திணிக்கிறார்கள். இரண்டாவதான ரிசர்வ் பாராசூட்டைத் தொட இவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதற்கென்று தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றவர் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டி முத்திரை வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு முறை, உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும்.

இதற்கும் மேல் ஏ.ஏ.டி. என்று கைக்கு அடக்கமான ஒரு கம்ப்யூட்டர் கருவி. 1991-இல் ஜெர்மனியில் இருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவிதான் இதைப் பரவலாக்கியது. குதித்தவர் மயக்கமானாலும், உயரத்தை மறந்து போனாலும், சுமார் 750 அடியில் இன்னமும் அதே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், ரிசர்வைக் கட்டியிருக்கும் கயிற்றை அதுவே அறுத்துவிடும். என் நண்பரின் முதல் பயத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகவே பதில் இருக்கிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சாமான் புதிதாக வாங்கினால் இரண்டு மூன்று புல்லட் வாங்கும் விலை. அதனால் பழையது யார் விற்கிறார்கள், எத்தனை குதி குதித்தது, துணி எப்படி என்பதெல்லாம் ஓயாத விசாரணை. ஒரு பையன் துபாயிலிருந்து மலிவாகக் கிடைத்த ஒரு பழைய மூட்டையைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ராணுவப் பெரியவர் கடுகு விவசாயத்தை நிறுத்திவிட்டு, அதன் ரிசர்வ் எந்த வருஷம் தயாரானது என்று கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பேசு தம்பி" என்ற அர்த்தத்தில் ஹிந்தியில் ஒரு வாக்கியம் சொன்னார். அத்தோடு அந்த வியாபாரம் முடிந்தது.

என்னை மாதிரி வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இவர்கள் உலகத்தில் 'வஃபோ' என்று பெயர். "ஓடுகிற விமானத்திலிருந்து எதுக்காகக் குதிக்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் கொச்சை இங்கிலீஷில் கேட்டால் இந்த ஒலி வருமாம். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அப்படியும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் மட்டும், "மாமா, இவங்க சும்மா சொல்றாங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள்.

இனி மோட்டார் சைக்கிள். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் இரு சக்கரத்தில்தான் வந்திருந்தார்கள். "குதிக்கிறதில் ஆபத்து இல்லை அங்கிள், இங்கே வந்து சேர்கிற ரோட்டில்தான் ஆபத்து" என்று ஒருவன் சொன்னான். உலகம் பூராவும் ஸ்கைடைவர்கள் சொல்லும் வசனம் இது. வசனத்தை நம்பாமல் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. 2023-இல் அங்கே சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிகள். செத்தவர்கள் 10 பேர். அதாவது 3,65,000 குதிக்கு ஒருவர். அதே நாட்டில் மோட்டார் சைக்கிளில், பத்துக் கோடி மைலுக்கு 25 பேருக்கு மேல் சாகிறார்கள். போகவர 200 மைல் ஓட்டினால் 20,000-த்துக்கு ஒன்று என்ற கணக்கு வருகிறது. அந்த ஒரு பயணத்துக்குப் பதினெட்டுக் குதி சமம். ஆக, பைக்கில் வந்தவன் சொன்னால் அந்த வசனம் மெய்தான். காரில் வந்தவன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது வெறும் ஜம்பம்.

இங்கேதான் எனக்கு நம்மவர்களோடு சண்டை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொடுத்த கணக்கு: 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதிலும் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இந்தப் பதினாலாயிரத்தில் எத்தனை அம்மாக்கள், எத்தனை மாமிகள், எத்தனை குழந்தைகள்?

கிருத்திகையன்று மலை மந்திர் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஸ்கூட்டர் வந்து நிற்கும். ஓட்டுகிற அப்பா தலையில் ஹெல்மெட். போலீஸ்காரன் அபராதம் போடுவான் என்பதற்காக. அதன் வாரும் மாட்டியிருக்காது. பின்னால் அம்மா, தலை நிறையப் பூ. நடுவில் ஒன்று, முன்னால் நின்றுகொண்டு ஒன்று. ஓட்டுகிறவர் தலைக்கு மட்டும் மதிப்பு வைத்து யார் விதி செய்தார்கள்? டில்லியில் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2014-இல் ஆகிவிட்டது. சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்கு. நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஏற்றிக்கொண்டு போனால் அதற்கும் ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. இதைச் சொன்னால், "பூ நசுங்கிடும் சார்" என்று சிரிக்கிறார்கள். பெண் ஆகாயத்தில் குதிக்கிறாள் என்று சாப்பாட்டை நிறுத்திய என் நண்பர், முப்பது வருஷமாகத் தன் மனைவியை இப்படித்தான் பின்னால் உட்கார்த்திக்கொண்டு கரோல்பாக் போய் வருகிறார். இதை அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், ஆகவே எழுதுவதில் தப்பில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்த ரோத்தக் பையன் தன் புல்லட்டைத் துடைத்துக்கொண்டே, இது பஞ்சாப், ஹரியானா மண்ணின் வண்டி, தெற்கத்திக்காரர்களுக்குப் பொருந்தாது என்று என்னைச் சீண்டினான். 1955-இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதையும், நம் ராணுவத்தின் எல்லைக் காவலுக்காக வண்டி வாங்கியதில் ஆரம்பித்த கதை அது என்பதையும், தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்ததையும் சொன்னேன். திருவொற்றியூர் என்ற பெயரை நாலு தடவை சொல்லிப் பார்த்தான், வரவில்லை. மண்ணின் வண்டி என்ற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

பிறகு காதல். அது இல்லாமல் இளவட்டங்கள் பேச்சு உண்டா? லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதி வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் விதி. அதை வேகமாக முடிக்க நம் பிள்ளைகள் தாய்லாந்து, துபாய், ஸ்பெயின் என்று போகிறார்கள். ஸ்பெயினில் கடற்கரை ஓரமாக எம்பூரியாப்ராவா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. வானிலைக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். பல தேசத்துப் பிள்ளைகள், ஒரே கூடம், ஒரே சமையல். அப்படி மூன்று வாரத்தில் ஒரு போலந்துப் பெண்ணிடம் மனசைக் கொடுத்துவிட்டு வந்த ஒருவனை அன்று எல்லோரும் ஓட்டித் தள்ளினார்கள். இப்போது அவளிடமிருந்து மாதம் ஒரு 'குட் மார்னிங்' வருகிறதாம். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் ஃபோனை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

நம் பெற்றோர்கள் நடுங்குவது இதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். வானத்துக்குப் பயந்தவர்களைவிட வரனுக்குப் பயந்தவர்கள் அதிகம். புனேயைச் சேர்ந்த சீதல் மகாஜன் 2004-இல் வட துருவத்தில் குதித்தவர். 2008-இல் அவர் கல்யாணமே வெப்பக் காற்று பலூனில் நடந்தது. 2011-இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2018-இல் தாய்லாந்தில் ஒன்பது கஜம் மராத்திப் புடவை கட்டிக்கொண்டு குதித்துக் காட்டினார். (மடிசார் கட்டத் தெரிந்த நம் மாமிகள் இதைக் கவனிக்க.) அவருக்கு வெகு முன்னால், 1979-இல், ரயில்வேயில் வேலை பார்த்த ரேச்சல் தாமஸ் ஆக்ராவில் குதித்து, இந்தியாவின் முதல் பெண் ஸ்கைடைவர் ஆனார். அவருக்கும் 2005-இல் பத்மஸ்ரீ. குடும்பம், வேலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே செய்தவர்கள் இவர்கள். பெண் ஆகாயத்துக்குப் போனால் வீட்டுக்கு உதவமாட்டாள் என்ற பேச்சை இவர்கள் பெயரைக் கேட்ட பிறகாவது நிறுத்தலாம்.

இரண்டரை மணிக்குக் காற்று அடங்கியது. ஏறுவதற்கு முன்னால் ஒரு சடங்கு. ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். முதுகு மூட்டையைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதல்லவா? அடுத்தவர் மூடியைத் திறந்து, ரிசர்வின் ஊசி சரியாக மாட்டியிருக்கிறதா, கைப்பிடி இருக்கும் இடத்தில் இருக்கிறதா, வார்கள் முறுக்கில்லாமல் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அன்று குதி இல்லை. ஆனாலும் ரோத்தக் பையனுக்கு அவள்தான் பார்த்தாள். மார்பு வார் ஒரு முறுக்கு முறுக்கியிருந்தது. எல்லோர் முன்னாலும், "கழற்றி மறுபடி போடு" என்றாள். ஆறடி ஜாட் பையன். ஒரு வார்த்தை பேசாமல் கழற்றினான், மறுபடி போட்டான், மறுபடி திரும்பி நின்றான்.

இதைத்தான் வந்து என் நண்பரிடம் முதலில் சொன்னேன். ஒரு பெண் எல்லோர் எதிரிலும் தப்பைச் சுட்டிக்காட்டினால் கௌரவம் பார்க்காமல் திருத்திக்கொள்கிற பையன் நம் ஜாதகக் கட்டுக்குள் எத்தனை பேர் அகப்படுவார்கள் என்றும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சைவமா, அசைவமா?" என்றார்.

இவர்களை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் நான் தயாரில்லை. சாமான் பத்திரமாக ஆக ஆக, அந்தத் தைரியத்தில் மனுஷன் இன்னும் அதிகம் துணிவான், சாவுக் கணக்கு குறையாது என்று இவர்களுக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு. பாராசூட் சாமான்களில் பல புதுமைகளைச் செய்த அமெரிக்கர் பில் பூத் பெயரில் வழங்கும் விதி அது. முதல் பாதி மெய்யென்று எனக்கும் படுகிறது. ஒழுங்காக விரிந்த பாராசூட்டின் கீழேயே, தரைக்குக் கிட்டத்தில் வேகமாக வளைந்து காட்டப்போய் உயிரை விட்டவர்கள் பலர். அன்றும் ஒருவன் இறங்கும்போது அப்படி ஒரு வளைவு வளைந்தான். பெரியவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் முகம் நன்றாக இல்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான். "பாராசூட் திறக்குமா?" என்று அழாதீர்கள். பிள்ளைகளுக்கு அது வஃபோ கேள்வி, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ரிசர்வை யார் கட்டியது, என்றைக்குக் கட்டியது என்று கேளுங்கள். ஏ.ஏ.டி. போட்டிருக்கிறதா, அது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். எவ்வளவு காற்றுக்கு மேல் குதிக்கமாட்டாய்? (கற்றுக்குட்டிகளுக்கு மணிக்கு 14 மைல் என்பது அமெரிக்கச் சங்கத்தின் வரம்பு.) பின்னால் உட்கார்ந்து போகும்போது உன் ஹெல்மெட்டில் ஐ.எஸ். 4151 முத்திரை இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லத் திணறுகிற பிள்ளையைத் தடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நானும் உங்கள் பக்கம் நிற்பேன். தடுத்தே தீருவோம் என்று பாஸ்போர்ட்டை ஒளித்துவைக்கிற வீடுகளில், பிள்ளைகள் சொல்லாமல் போகிறார்கள். சொல்லாமல் போகிறவளிடம் வாரைப் பற்றி யார் கேட்பது?

அடுத்து, சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு இரு சக்கர வாகனத்தில் வருகிறவர்களில், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் இருந்தால்தான் வண்டி உள்ளே வரலாம் என்று வாசலில் ஓர் ஆளை நிறுத்துங்கள். முதல் வருஷம் திட்டுவார்கள். பூவைக் கைப்பையில் கொண்டுவந்து உள்ளே வந்து வைத்துக்கொள்ளட்டும். வேண்டுமானால் வாசலில் ஒரு கண்ணாடி மாட்டி வையுங்கள். செலவை நான் தருகிறேன்.

என் நண்பர் வீட்டில் போன வாரம் இரண்டு ஹெல்மெட் வந்திருக்கிறது. ஒன்று மாமிக்கு. கொண்டையோடு தலை நுழையவில்லை என்று ஒரு தடவை கடைக்குத் திரும்பிப் போய் அளவு மாற்றியாயிற்று. பெண் அதன் வாரை இழுத்துப் பார்த்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கிக் கொடுத்தாளாம். ஸ்பெயின் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ரோத்தக் பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடலாமா என்று மாமி என் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.